கிரேட் டேன் குட்டிக்கு எந்தத் தீனி வைப்பது? கால்சியம் டானிக்கைத் தொடரலாமா?

சிங்காநல்லூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்கு ஒரு கிரேட் டேன் ஆண் குட்டி வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அதற்கு இப்போது நான்கு மாதம் முடிந்திருக்கிறது. தெருமுனை அரிசி மண்டித் தராசில் நேற்று ஏற்றி நிறுத்தியபோது 25 கிலோ காட்டியது. இதற்கு முன் நாங்கள் வளர்த்தவை இரண்டு நாட்டு நாய்களும் ஒரு லாப்ரடாரும்தான். அவற்றின் சாப்பாட்டைப் பற்றி நான் இவ்வளவு யோசித்ததே இல்லை. வீட்டில் சமைத்ததில் ஒரு பங்கு வைத்தோம், தின்றன, நன்றாகவே வாழ்ந்தன.

இந்தக் குட்டியின் விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புகிறார்கள். குட்டியைக் கொடுத்தவர், "இவ்வளவு பெரிய உடம்பை எலும்பு தாங்க வேண்டாமா?" என்று கேட்டு, ஒரு வயது வரை கால்சியம் டானிக்கைக் காலையும் மாலையும் 20 மி.லி. தவறாமல் கொடுக்கச் சொன்னார். அப்படியே கொடுத்து வருகிறேன். எதிர்வீட்டுக்காரர், புரதம் அதிகமானால் கால் வளைந்துவிடும் என்றும், அதனால் இப்போதே வளர்ந்த நாய்களுக்கான தீனிக்கு மாற்றிவிட வேண்டும் என்றும் சொல்கிறார். தீனிக் கடைக்காரர் தானியமே சேராத, விலை கூடிய ஒரு மூட்டையைக் காட்டி, பெரிய நாய்களுக்கு இதுதான் உகந்தது என்கிறார். என் தந்தையோ, கோழிக்கறியும் சோறும் இருக்கும்போது மூட்டைத் தீனி எதற்கு என்று தினமும் கேட்கிறார்.

இப்போது நான் வைப்பது, எல்லா இனக் குட்டிகளுக்கும் பொதுவான சாதாரணக் குட்டித் தீனி. பாக்கெட்டில் உள்ள அட்டவணையைப் பார்த்து நாளொன்றுக்கு 600 கிராம் மூன்று வேளையாக வைக்கிறேன். அத்துடன் அரை லிட்டர் பால், மேலே சொன்ன டானிக். குட்டி சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னங்கால் மணிக்கட்டுகள் இரண்டும் உருண்டு திரண்டு, கால் நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தைச் செருகி வைத்ததுபோலத் தெரிகின்றன. இது இந்த இனத்துக்கு இயல்பா, கால்சியம் போதாததன் அறிகுறியா? எந்த வகைத் தீனியைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு வைப்பது, டானிக்கைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். மாதம் எட்டாயிரம் ரூபாய் வரை தீனிக்குச் செலவிட முடியும்.

வேப்பேரி மாணவன்:

தம்பி, நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, அரசு மருத்துவமனைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பார்த்தவை பெரும்பாலும் மாடும் ஆடும்தான் என்றாலும், கடைசிப் பத்தாண்டுகளில் உங்கள் குட்டியைப் போன்றவை நிறையவே வந்தன. அவற்றில் பலவற்றுக்குக் கால்சியம் கூடியிருந்ததே தொல்லை, குறைந்திருந்ததன்று. ஆகவே முதலில் டானிக்கை நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். ஒன்றரை வயதில் அதுவே 60, 70 கிலோ ஆகிவிடும். மனிதக் குழந்தை பதினெட்டு ஆண்டுகளில் இருபது மடங்கு எடை கூடுகிறது, இந்தக் குட்டியோ பதினெட்டு மாதத்தில் நூறு மடங்கு கூடுகிறது. இவ்வளவு வேகமாக வளரும் உடம்பில் தசையும் கொழுப்பும் முந்திக்கொள்ள, குருத்தெலும்பு இறுகி எலும்பாவதற்குள் அதன்மேல் பாரம் ஏறிவிடுகிறது. பெரிய இனக் குட்டியின் உணவைப் பற்றி நாம் எடுக்கும் முடிவுகள் எல்லாம் அந்த வேகத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதற்காகவே. மெதுவாக வளர்த்தால் நாய் குள்ளமாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். எவ்வளவு உயரம் வளர வேண்டும் என்பதை அதன் பரம்பரை தீர்மானிக்கிறது. உணவைக் கட்டுப்படுத்தினால் அந்த உயரத்தை எட்டுவதற்குச் சில மாதங்கள் கூடுதலாகும், அவ்வளவே.

இது ஊகமன்று, உங்கள் இனத்திலேயே செய்து பார்த்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வேண்டிய மட்டும் தின்னவிட்டு, மறு பிரிவுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் வைத்து வளர்த்து, 1974இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வயிறு முட்டத் தின்ற குட்டிகள் வேகமாக வளர்ந்தன, எலும்புக் கோளாறுகளும் அவற்றுக்கே மிகுதியாக வந்தன. பிறகு நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹேசவிங்கெல் குழுவினர் கால்சியத்தை மட்டும் மாற்றிப் பார்த்து 1985இல் எழுதினார்கள். அவர்கள் ஒரு பிரிவு டேன் குட்டிகளுக்கு 1.1 சதவீதக் கால்சியம் உள்ள உணவையும், இன்னொரு பிரிவுக்கு அதைப்போல மும்மடங்கு, அதாவது 3.3 சதவீதம் உள்ள உணவையும் கொடுத்தார்கள். மும்மடங்கு தின்ற குட்டிகளின் எலும்பு முதிர்ச்சி தாமதமானது, குருத்தெலும்பு சிதைந்தது, கால்கள் கோணின. வளர்ந்த நாயின் குடல் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். ஏறக்குறைய ஆறு மாதம் ஆகாத குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் முழுதாக வந்திருக்காது. உள்ளே வரும் கால்சியத்தில் பெரும்பங்கை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டானிக் பெரிய இனக் குட்டிக்குக் கெடுதல் செய்வது இவ்வழியில்தான்.

எதிர்வீட்டுக்காரர் புரதத்தின்மேல் போடும் பழி மிகப் பழையது, இன்னும் சாகவில்லை. அதே உட்ரெக்டில் டேன் குட்டிகளுக்கு 15, 23, 32 சதவீதம் என மூன்று அளவுகளில் புரதம் கொடுத்துச் சோதித்து 1991இல் வெளியிட்டார்கள். எலும்புக் கோளாற்றுக்கும் புரத அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆகவே புரதத்துக்குப் பயந்து வளர்ந்த நாய்த் தீனிக்கு மாற்றாதீர்கள். அதில் வேறொரு சிக்கலும் உண்டு. கால்சியத்தின் அளவும் பாஸ்பரஸுடன் அதன் விகிதமும் வளரும் குட்டிக்காக அமைக்கப்பட்டிருக்காது. சில தீனிகளில் ஆற்றல் அடர்த்தி குறைவு என்பதால் குட்டி கூடுதலாகத் தின்னும், கால்சியமும் கூடுதலாக உள்ளே போகும்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும்போது இரண்டு செய்திகளைத் தேடுங்கள். அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த விதிப்படி, வளரும் குட்டித் தீனியின் உலர் எடையில் கால்சியம் குறைந்தது 1.2 சதவீதம் இருக்க வேண்டும். வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 32 கிலோ அல்லது அதற்கு மேல் எடையுள்ளதாகப்போகும் இனங்களுக்கு அது 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிறிய இனங்களுக்கு 2.5 வரை விட்டுவைத்திருக்கிறார்கள். எனவே சாதாரணக் குட்டித் தீனி என்பது ஒரு பொமரேனியனுக்கு முழுமையாகப் பொருந்தி, உங்கள் குட்டிக்குப் பொருந்தாமல் போகலாம். பாக்கெட்டில் பெரிய இனங்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்கள் 'லார்ஜ் ப்ரீட்' என்றும் 'ஜெயன்ட்' என்றும் தனித்தனியாகவே விற்கின்றன. ராயல் கேனின் 45 கிலோவுக்கு மேல் வளரும் இனங்களை ஜெயன்ட் என்று பிரித்து, எட்டு மாதம் வரை ஒன்று, அதன்பின் இன்னொன்று என்று வைத்திருக்கிறது. அதையே வாங்க வேண்டும் என்பதில்லை. கால்சியத்தின் உச்ச அளவைப் பாக்கெட்டிலோ, கேட்டால் தொலைபேசியிலோ சொல்லக்கூடிய நிறுவனமாக இருக்கட்டும்.

தானியம் சேராத மூட்டையை நான் வாங்க மாட்டேன். பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கை மிகுதியாகச் சேர்த்த அத்தகைய தீனிகளுக்கும் இதயம் விரிந்து தளரும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 ஜூலையில் விசாரணை தொடங்கியது. காரண காரியம் இன்றுவரை உறுதிப்படவில்லை. இருந்தாலும் கிரேட் டேன் அந்த நோய்க்குப் பிறவியிலேயே இடம்கொடுக்கும் இனம் என்பதால், ஒரு பயனும் இல்லாத இடத்தில் அந்த ஐயத்தை விலைகொடுத்து வாங்குவானேன்?

மணிக்கட்டைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த வயதில் டேன் குட்டியின் மணிக்கட்டு உருண்டையாகத் தெரிவது இயல்பு, எலும்பு நீளும் இடம் அது. புறங்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, மெல்ல அழுத்தும்போது குட்டி காலை இழுத்துக்கொண்டாலோ, நொண்டினாலோ, காய்ச்சல் வந்து சாப்பாட்டை மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு சென்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

காவிரிக்கரை:

ஐயா சொன்னதைப் படித்தபோது, இதை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றியது. நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன், இப்போது வளர்ப்பது எங்கள் இரண்டாவது டேன். முதல் குட்டிக்கு நானும் டானிக் கொடுத்தேன். அத்துடன் மெலிந்திருக்கிறதே என்று நெய்ச் சோறு, கூடுதலாக இரண்டு முட்டை. ஐந்து மாதத்தில் ஒரு காலை அது எழுந்திருக்கவில்லை. முன்னங்கால்கள் இரண்டும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே வீங்கி, தொட்டால் அடுப்பருகில் இருந்த பாத்திரம் போலச் சுட்டன. அப்போது நாங்கள் பார்த்த மருத்துவர் கால்சியம் போதவில்லை என்று ஊசியும் போட்டார். வேறொருவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்த பிறகே, வேகமாக வளரும் பெரிய குட்டிகளுக்கு வரும் எலும்பு அழற்சி அது என்று தெரிந்தது. அந்த நோய் ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது என்றும் அவர் சொன்னார். ஆனாலும் டானிக்கையும் நெய்யையும் அன்றே நிறுத்தச் சொன்னார். பிழைத்துக்கொண்டது, ஆனால் ஒரு கால் கடைசிவரை சற்று வெளிப்பக்கம் திரும்பியே இருந்தது.

இரண்டாவது குட்டியை வேண்டுமென்றே ஒல்லியாக வளர்த்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் நாய்க்குச் சோறு போடுவதில்லையா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் அளவு சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வேன். என் மருத்துவர் கற்றுக்கொடுத்த சோதனை ஒன்று உண்டு. உங்கள் கையை முட்டியாக மடக்கி, மறு கையின் விரல்களால் கணுக்கள்மேல் தடவுங்கள். நாயின் விலாவும் அப்படிக் கரடுமுரடாக இருந்தால் அது மெலிந்திருக்கிறது. கையை விரித்து உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தடவுவதுபோல மெத்தென்று இருந்தால் கொழுத்திருக்கிறது. விரித்த கையின் புறங்கைப் பக்கத்தைத் தடவும்போது மெல்லிய தோலுக்குக் கீழே எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படி இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் தடவிப் பார்த்து, அடுத்த வாரத்துக்கு ஒரு பிடி கூட்டுவேன் அல்லது குறைப்பேன். பாக்கெட் அட்டவணையை முதல் நாளுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

எந்தத் தீனி என்பதைப் போலவே எப்படி வைப்பது என்பதும் இந்த இனத்துக்கு உயிர்ப் பிரச்சினை. இரைப்பை காற்றால் உப்பி அப்படியே முறுக்கிக்கொள்ளும் கோளாறு டேன்களுக்கு வருவதுபோல வேறெந்த இனத்துக்கும் வருவதில்லை என்றே சொல்லலாம். எங்கள் முதல் நாய் அதில்தான் போனது. இரவு ஒன்பது மணிக்கு வாந்தி எடுக்க முயன்று முயன்று வெறும் நுரையாக வந்தது. வயிறு தட்டினால் மத்தளம்போல ஒலித்தது. அஜீரணம் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக் காலைவரை காத்திருந்தோம். காத்திருக்கக் கூடாது என்பது அப்போது தெரியாது. வாந்தி வராமல் உமட்டல் மட்டும், ஓரிடத்தில் நிற்காத தவிப்பு, உப்பிய வயிறு ஆகியவை சேர்ந்து வந்தால் எந்த நேரமானாலும் வண்டியைக் கிளப்புங்கள். சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதனால் ஒரே வேளையில் நிறைய வைப்பது எங்கள் வீட்டில் கிடையாது. ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் ஆயுள் முழுவதும் இரண்டு வேளை. அவசரமாக விழுங்குகிற நாய்க்கு நடுவில் மேடுகள் உள்ள தட்டு கிடைக்கிறது. நான் பணியாரக் கல்லில் தீனியைப் பரப்பி வைக்கிறேன், அதுவும் அதே வேலையைச் செய்கிறது. தின்றவுடன் ஒரு மணி நேரமாவது ஓடவிடுவதில்லை. உயரமான ஸ்டாண்டில் தட்டை வைப்பது நல்லது என்று எல்லாக் கடையிலும் விற்கிறார்கள். ஆனால் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1,600க்கும் மேற்பட்ட பெரிய இன நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், உயரத் தட்டில் தின்ற நாய்களுக்கே இந்த முறுக்கம் கூடுதலாக வந்திருந்தது. அதை ஏற்காதவர்களும் உண்டு. நான் தரையிலேயே வைக்கிறேன். இரண்டாவது நாய்க்குக் கருத்தடை செய்தபோதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கும் அறுவையையும் செய்துவிட்டோம். உப்பலை அது தடுக்காது, முறுக்கிக்கொள்வதைப் பெரும்பாலும் தடுக்கும். உங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

வைகை வடகரை:

எல்லோரும் மூட்டைத் தீனியைப் பற்றியே எழுதுவதால் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ராஜபாளையம் நாய்கள் உண்டு. கம்பங்கூழும் ஆட்டுக் குடலும் மோர்ச் சோறும் தின்றே அவை முயலை விரட்டின. எலும்புக் கோளாறு என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. மாதம் எட்டாயிரம் ரூபாய்க்குக் கறியும் முட்டையும் அரிசியும் வாங்கினால் ஒரு குட்டிக்கு ராஜ விருந்தே போடலாம். எந்த ஆலையில் எதை அரைத்தார்கள் என்று தெரியாத உருண்டைகளைவிடக் கண்ணெதிரே வெந்த சோறு மேலானது என்றே இன்னும் நம்புகிறேன். நண்பருடைய தந்தையார் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வேப்பேரி மாணவன்:

வடகரை நண்பருக்கு, உங்கள் ராஜபாளையம் நாய்களைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அவை பெரும்பாலும் முப்பது கிலோவுக்குள் நிற்பவை, ஒல்லியானவை, நாள் முழுவதும் ஓடுபவை. அதைவிட முக்கியமாக, ஆட்டுக் குடலோடு எலும்பும் தின்றிருக்கும், கம்பிலும் மோரிலும் ஓரளவு கால்சியம் போயிருக்கும். சோறும் எலும்பு நீக்கிய கோழிக்கறியும் மட்டும் வைத்தால் நிலைமை தலைகீழ். நூறு கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்க, கால்சியம் பத்து, பன்னிரண்டு மில்லிகிராம்தான் இருக்கும். குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸை விடக் குறையாமலும் அதைப்போல இரு மடங்கைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். கறிச் சோற்றில் அது பதினைந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. இரத்தத்தில் கால்சியம் குறையாமலிருக்க உடம்பு தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். கட்டிலிலிருந்து குதித்ததற்கே தொடை எலும்பு முறிந்து வந்த ஒரு குட்டியைப் பார்த்திருக்கிறேன். தினமும் அரைக் கிலோ கறி தின்று வளர்ந்தது அது.

ஆக, மூட்டைத் தீனியோடு டானிக் சேர்த்தால் கால்சியம் கூடுகிறது, கறிச் சோற்றை மட்டும் வைத்தால் குறைகிறது. இரண்டிலும் வளைவது கால்தான். வீட்டுச் சாப்பாட்டில் டேன் குட்டியை வளர்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கால்நடை உணவியல் படித்த ஒருவரிடம் கிராம் கணக்கில் எழுதி வாங்கி, முட்டை ஓட்டுத் தூளைக்கூடத் தராசில் நிறுத்துப் போட்டு, எடை கூடக் கூட அந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டே இருப்பவர்களால் முடியும். முதல் டேன் குட்டியை வளர்ப்பவருக்கு அந்தச் சுமை வேண்டாம் என்பதே என் கருத்து. அப்பாவின் ஆசைக்கு, ஒரு நாள் தீனியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு வீட்டுச் சாப்பாட்டிலிருந்து வரலாம். வேகவைத்த கறி, முட்டை, பூசணி, ஒரு கரண்டி தயிர், எதுவானாலும் சரி. வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பும், வேகவைத்த எலும்பும், திராட்சையும் மட்டும் கிட்டே வரக் கூடாது.

சிங்காநல்லூர்க்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. டானிக்கை நேற்றிரவே நிறுத்திவிட்டேன். மணிக்கட்டில் சூடில்லை, அழுத்தினால் குட்டி என் கையை நக்குகிறது. இருந்தாலும் சனிக்கிழமை மருத்துவரிடம் காட்டப் போகிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. இப்போதுள்ள தீனிப் பாக்கெட்டில் 'கால்சியம், குறைந்தபட்சம் 1.5 சதவீதம், ஈரப்பதம், அதிகபட்சம் 10 சதவீதம்' என்று போட்டிருக்கிறது. உச்ச அளவு இல்லை. டானிக் பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மில்லிகிராம் கால்சியம் என்று இருக்கிறது. 1.5 என்பது 1.8க்குக் கீழேதானே? அப்படியானால் இந்தத் தீனியையே தொடரலாமா, இத்தனை நாள் டானிக் கொடுத்ததால் உண்மையிலேயே அளவு தாண்டியதா?

கணக்குப்பிள்ளை:

எனக்கு நாய்களைவிட எண்கள் நன்றாகத் தெரியும் என்பதால் கணக்கை மட்டும் போட்டுத் தருகிறேன். ஐயா சொன்ன 1.8 சதவீதம் ஈரம் நீக்கிய எடைக்கானது. உங்கள் பாக்கெட் சொல்வது ஈரத்தோடு சேர்த்து. 1.5ஐ 0.9ஆல் வகுத்தால் 1.67 வருகிறது. எல்லைக்குள்தான், ஆனால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 600 கிராம் தீனியில் ஈரம் போக 540 கிராம், அதில் கால்சியம் 9 கிராம். அரை லிட்டர் பாலில் திடப்பொருள் ஏறத்தாழ 60 கிராம், கால்சியம் 0.6 கிராம். நாளொன்றுக்கு 40 மி.லி. டானிக்கில் 2 கிராம். மொத்தம் 600 கிராம் உலர் எடைக்கு 11.6 கிராம் கால்சியம், அதாவது 1.93 சதவீதம். ஆம், தாண்டியிருக்கிறது. டானிக்கை மட்டும் எடுத்துவிட்டால் 1.6க்கு இறங்கிவிடுகிறது. இதில் ஒரு பொறி உண்டு. 'குறைந்தபட்சம்' என்று அச்சிட்டிருப்பதால் உண்மையான அளவு 1.5ஆகவும் இருக்கலாம், 2ஆகவும் இருக்கலாம். உச்ச அளவு தெரியாத தீனியை உங்கள் குட்டிக்குத் தொடர்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கணக்கெழுதுவதைப் போன்றது.

அளவுக்கும் ஒரு வழி இருக்கிறது. கைபேசிக் கால்குலேட்டரே போதும். 25ஐ மும்முறை பெருக்கினால் 15,625. அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் 125, இன்னொரு முறை எடுத்தால் 11.18. அதை 70ஆல் பெருக்கினால் 783 கிலோகலோரி. இது சும்மா படுத்திருக்கும் உடம்புக்கு வேண்டியது. நான்கு மாதம் வரை இதைப்போல மூன்று மடங்கும் அதன்பின் இரண்டு மடங்கும் கொடுப்பது பொது வழக்கு. உங்கள் குட்டி எல்லையில் நிற்பதால் இரண்டரை மடங்கு வைத்தால் ஏறத்தாழ 1,960. ஒரு கிலோவில் 3,700 கிலோகலோரி உள்ள தீனியானால் அது நாளொன்றுக்கு 530 கிராம். நீங்கள் 600 கிராமுடன் அரை லிட்டர் பாலும் சேர்த்துக் கொடுத்து வந்திருக்கிறீர்கள். இது தொடக்கத்துக்கான எண் மட்டுமே. டேன்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவதும் உண்டு என்பதால், காவிரிக்கரை அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைச் சோதனையே இறுதித் தீர்ப்பு.

சிங்காநல்லூர்க்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை, மணிக்கட்டு உருண்டை வயதுக்கு இயல்பானதே என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு நிறுவனத்தின் ஜெயன்ட் இனக் குட்டித் தீனிக்குப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். வாங்குவதற்கு முன் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து உச்ச கால்சியம் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு நாளில் எண்ணைச் சொன்னார்கள், 1.4. வேறொரு நிறுவனம் கடைசிவரை பதில் சொல்லவில்லை, அதை விட்டுவிட்டேன். பெரிய மூட்டை வாங்கினால் மிச்சமாகும் என்று நினைத்தேன், திறந்தபின் ஆறு வாரத்துக்குமேல் வைத்திருந்தால் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும் என்று மருத்துவர் எச்சரித்தார். இந்தக் குட்டி தின்னும் வேகத்துக்கு அந்தக் கவலை எழாது.

530 கிராமில் தொடங்கி இப்போது 610இல் நிற்கிறேன். பாலை நிறுத்தியாகிவிட்டது. அப்பா தினமும் ஒரு முட்டையை அவித்து, தன் கையாலேயே ஊட்டுகிறார். நேற்று மண்டித் தராசில் 30 கிலோ 200. விலா விரித்த கையின் புறங்கைபோலவே தட்டுப்படுகிறது. எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்து, நாய் இளைத்துவிட்டதே என்று நேற்று கேட்டார்.